கிட்டார் இல்லாத பதிவு

மத்தியானத்திலிருந்து அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முந்தின நாள் கச்சேரியின் பதிவு அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரர் குரல் கணீரென்று இருந்தது. டிரம்ஸ் பிசகில்லாமல் விழுந்தது. அண்ணனின் கிட்டார் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் எங்கேயோ முனகியது.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?"

அண்ணன் வாசிக்கும் ப்ளூஸ் குழுவுக்கு ஒலி மிக்ஸர் பார்ப்பவள் தங்கைதான். மேடையிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் அவள் மேசைக்கு வந்து, அங்கே கூட்டிக் குறைத்த பிறகுதான் ஒலிபெருக்கிக்குப் போகும். பதிவும் அதே மேசையிலிருந்துதான். நேற்றைய அரங்கமோ தீப்பெட்டி அளவு. அண்ணனின் கிட்டார் ஆம்ப் பெட்டியோ ஊரைக் கூட்டும். "கொஞ்சம் கொறைண்ணா" என்று சாயங்காலம் முழுக்கக் கெஞ்சினாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே! அரங்கத்துக்கு ஆம்ப் சத்தமே தாராளம் என்று எரிச்சலில், மேசையில் அவன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அடிவரைக்கும் இழுத்துவிட்டாள். இழுத்தால், மற்ற மைக்குகளில் கசிவதைத் தவிர, பதிவிலும் கிட்டார் விழாது என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். கோபத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அன்றைக்குப் பார்த்தா அவன் அப்படி வாசித்துத் தொலைக்கவேண்டும்? கடைசிப் பாட்டின் நடுவில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து, விடமாட்டேன் என்று நின்றான். பாட்டுக்காரர் அடுத்த வரியை மறந்து வாயைப் பிளந்தார். வாசலுக்குப் போய்விட்டவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். அவன்மேல் அத்தனை கடுப்பில் இருந்தவளுக்கே கண் கலங்கியது.

குழு வருஷக்கணக்காக வாசற்படி தேய நடந்தபின், ஒரு பெரிய இசை விழாக்காரர்கள் முதல்முறையாகப் பதிவு கேட்டிருந்தார்கள். மேடையில் வாசித்தது வாசித்தபடி வேண்டுமாம். இன்று மாலைதான் கெடு.

"இரு, இது மேலயே வாசிச்சுடறேன்."

"வாசிச்சபடியே கேட்டிருக்காங்கண்ணா."

"யாருக்குத் தெரியப் போவுது?"

வாசித்தான். நிறுத்தினான். மறுபடி வாசித்தான். எல்லாச் சுரமும் இடத்தில் இருந்தது, உயிர்தான் இல்லை. அவனுக்கே அது தெரிந்து, கிட்டாரை மடியில் கவிழ்த்துப் போட்டான்.

"நேத்து எப்படி வாசிச்சேன்னே தெரியலடி."

"நான்தாண்ணா கெடுத்தேன்."

"ஆமா, நீதான்."

ஒப்புக்குக்கூட இல்லையென்று சொல்லவில்லை பாருங்கள். ஆனால் குனிந்து, ஆம்ப்பின் சத்தத் திருகைக் குறைத்தான்.

"இப்ப சரியா இருக்கா? இன்னும் கொறைக்கட்டுமா?"

இந்த ஒரு கேள்வியை அவன் கேட்கவேண்டும் என்றுதான் அவள் இத்தனை காலம் தொண்டை வற்றக் கத்தினாள். கிட்டார் மரியாதை தெரிந்த விருந்தாளிபோல் அடங்கி ஒலித்தது. அவன் ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்து வாசித்தான்.

அவளால் தாங்கமுடியவில்லை. எழுந்து போய், திருகை நேற்று இருந்த இடத்துக்கே ஏற்றினாள்.

"பதிவுக்கு என்னடி பண்றது?"

"பதிவு கெடக்குது. நீ வாசி."

வாசித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கோபமாகத் தட்டினார்கள். தங்கை திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.