கரைந்துகொண்டே வந்த கல்

"தண்ணி அப்படியேதான் இருக்கும்மா. கல்லு மட்டும் சின்னதாயிட்டே வருது" என்றாள் மகள், கண்ணாடிப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

வேலை பார்க்கும் தையல் கடையிலிருந்து எடுத்துவந்த சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மகள் உப்புக் கல் வளர்த்தாள். வெந்நீரில் இனிமேல் கரையாது என்கிற மட்டும் உப்பைக் கொட்டிக் கலக்கி, பென்சிலில் கட்டிய நூலில் ஒரு துளிக் கல்லைத் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் வற்ற வற்ற, உப்பு அந்தக் கல்லில் போய் ஒட்டும். முதலில் சொன்னபடியே வளர்ந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சதுரமாக. இப்போது அதன் முனைகள் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருந்தது.

"வெயில் படுது, தண்ணி குறையணும்ல? கோடு போட்டு வச்சிருக்கேன். கோட்டுலயே நிக்குது."

தையல் மெஷினில் அம்மாவின் கால் நின்றது.

அவள் கணவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இதயம் பலவீனமாகி அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, அடுப்படியில் இருந்த உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் முகம் விழுந்துவிடும் என்று மூவருக்கும் ஒரே சப்பென்ற சாப்பாடு. அவர் தட்டோடு மல்லுக்கட்டாத நாள் கிடையாது. சில நாட்களாகத்தான் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். ஒருவழியாகப் பழகிவிட்டார் என்று அவள் கடையில்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

எழுந்து முன்னறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தால் இருமல் வருகிறது என்று இரண்டு ராத்திரியாக அங்கேயே உட்கார்ந்து தூங்குகிறார். சளி என்று அவள் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மறுக்கலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாம் என்று விட்டதுபோல் இருந்தது.

"அந்தப் பாட்டில் தண்ணி ஒண்ணு ரெண்டு ஸ்பூன்தான். சோத்து மேல தெளிச்சுக்குவேன்."

"எடுத்த இடத்துல பச்சத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கீங்க."

"பிள்ள கோடு போட்டிருந்துச்சு. குறைஞ்சா தெரிஞ்சிடும்ல."

"அவ கல்லு கரையுது."

"கல்லு கரையுமா?" என்று உண்மையாகவே திகைத்துக் கேட்டார். "தண்ணிதானேன்னு நினைச்சேன்."

அவளுக்கு ஆத்திரத்தில் வார்த்தை தடுமாறியது. "செத்துத் தொலையணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? நான் இங்க நாக்கைக் கட்டிக்கிட்டு..."

"நீ கட்டல" என்றார் மெதுவாக. "ராத்திரி பாதித் தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிக்கிறியே, நீ கடையில நல்லாச் சாப்பிட்டுட்டு வர்றது எனக்குத் தெரியாதா? நான் ஒரு நாளாவது கேட்டேனா?"

மகள் வாசல்படியில் பாட்டிலை அணைத்துக்கொண்டு நின்றதை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். அவளிடம் ஏதோ சொல்ல டிரைவர் எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள் மூச்சு இரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, நீரை இறக்கினார்கள். இந்தத் தடவை பிழைத்துக்கொண்டார், அடுத்த தடவைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்கிட்ட நான்தான் தண்ணி ஊத்திக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்குள்ள உப்பக் கொண்டுவந்தது நான்தானேம்மா" என்றாள்.

"மளிகைக் கடைக்குப் போய் வாங்கினது நான்டி" என்றாள் அம்மா. அது ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை. மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினாள். மகள் அதற்குள் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

போர்வை விலகி அப்பாவின் கால் தெரிந்தது, நீர் கோத்து வீங்கி, மினுமினுவென்று தோல் இழுபட்டு. மகள் கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே மெல்ல அழுத்தி எடுத்தாள். ஈர மண்ணில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது. அவள் குனிந்து, அது மேலெழும்பி வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.