இரண்டு காபியையும் குடித்தவள்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்கும் காதுண்டு என்பார்கள். எங்கள் குடியிருப்பில் சுவருக்கு வாயே உண்டு. பக்கத்து வீட்டில் தும்மினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். லிஃப்டில் பார்த்தால் ஒரு புன்னகை, அதற்கு மேல் பழக்கமில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜராக இருந்தாள், ஒரு நாள் அவளுடைய குழுவையே கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். (வாட்ச்மேனுக்குத் தெரியாதது எங்கள் கட்டடத்தில் கிடையாது.)

கொஞ்ச காலமாக மாலையானால் அவள் குரல் கேட்கும். "என்னைப் பத்தி சொல்லணும்னா..." நிறுத்துவாள். மறுபடி அதே வாக்கியம், கொஞ்சம் சிரிப்புச் சேர்த்து. இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள் என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று. லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் கேள்வி கேட்கும். இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வார்கள், கிண்டலடிப்பார்கள்.

ஒரு நாள் அந்த ஆண் குரல் சொல்லிற்று: "ரெண்டு காபி வாங்கினேன். ரெண்டையும் நானே குடிச்சேன்." பிறகொரு நாள் அதே வாக்கியத்தை அவள் சொன்னாள், யாரோ அந்நியர்களிடம், மரியாதைக் குரலில். அதற்குப் பிறகு அந்த ஆண் குரலை நான் கேட்கவேயில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், தனிமை அவளை ஒரு போர்வையைப் போல—"

வேண்டாம். மழையும் பெய்யவில்லை, போர்வைக்கும் வேலையில்லை.

"ஒரு குழுவை நடத்துவதென்பது அடிப்படையில் மனிதர்களை—"

இது கட்டுரை. இதைப் படிக்க என் தம்பிகூட உட்காரமாட்டான்.

2 (மறுபடியும்)

அவள் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். கேமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது ரோல்பேக்கின் உத்தரவு. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே தூங்கும்போது போடும் பைஜாமா. எழுந்து நிற்கச் சொல்லாதவரை மானம் பிழைக்கும்.

(ரோல்பேக் என்பது அவனுக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். புதிதாகப் போட்ட மென்பொருள் சொதப்பினால், அதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்குவதற்கு ரோல்பேக் என்று பெயர். எதற்கெடுத்தாலும் "முதல்ல ரோல்பேக் பண்ணு, அப்புறம் பேசலாம்" என்பான். பக்கத்துக் குழுவின் மேனேஜர். அவனுக்கும் அதே நாளில் வேலை போயிற்று.)

வேலை போனபின் அவளிடம் தினமும் பேசியவன் அவன் ஒருவன்தான். அவள் நடத்திய குழுவில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். முதல் வாரம் விசாரித்தார்கள், அப்புறம் அவரவர் பிழைப்பு. அக்கா எப்போதாவது அழைப்பாள்.

"எப்பப் பேசினாலும் பிஸிங்கற. வேலையே இல்லாம எப்படிடி பிஸி?"

"வேலை தேடறதுதான்கா இருக்கறதிலேயே பெரிய வேலை."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு" என்பாள். ஆகியிருக்காது. போனை வைத்ததும் வீட்டில் ஃபிரிட்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். ஆறு மணிக்கு ரோல்பேக் திரையில் வருவான் என்பதற்காகவே அவள் பகலைத் தள்ளினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு மணிக்காக நானும்தான் காத்திருந்தேன், சுவருக்கு இந்தப் பக்கம்.

3

மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூவில் கணக்கைவிடக் கதைதான் அதிகம் கேட்பார்களாம். "தவறு செய்த ஊழியரை எப்படிக் கையாண்டீர்கள்? நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்." நிலைமை என்ன, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன பலன். பலன் இல்லாத கதைக்கு அங்கே மதிப்பில்லை. (என்னிடம் கதை கேட்கும் பத்திரிகைக்காரரும் இதே ரகம்.)

ரோல்பேக்கிடம் ஒரு கதை இருந்தது. பஸ் டிக்கெட் விற்கும் மென்பொருள். நீண்ட விடுமுறைக்கு முந்தின பிற்பகலில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் செய்த மாற்றத்தால் மொத்தமும் படுத்துவிட்டது. பெரிய அதிகாரி போனில் "யார் பண்ணது?" என்று கத்தினார். "சரின்னு சொல்லி அனுப்பினது நான் சார், என்னைக் கேளுங்க" என்றான் இவன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் போனான்.

"ரெண்டு காபி வாங்கிட்டுப் போனேன். அவ அழுதுட்டே இருந்தா. ஆறிப்போகுமேன்னு ரெண்டையும் நானே குடிச்சேன்."

"இதை ஏன்டா முதல்ல சொல்லல? இங்கதான் நீ மனுஷனாத் தெரியற!"

"இது போய் எதுக்கு தாயே?"

"எதுக்கா? நீ சொல்ற விதம் சரியில்ல. இரு, நான் சொல்லிக் காட்டறேன். 'ரெண்டு காபி வாங்கினேன்...' இங்க ஒரு நிமிஷம் நிறுத்து. அவங்க உன்னைப் பாக்கட்டும்."

அவள் சொல்லிக் காட்டினாள். ஒரு தடவையா, ரெண்டு தடவையா? தினமும். அவனுடைய கதை அவள் வாயில் பழகிவிட்டது.

அவளுக்கென்றும் ஒரு கதை இருந்தது. அவள் குழுவில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். அவள் பஞ்சாயத்து எதுவும் பண்ணவில்லை. மத்தியானம் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மாதக்கணக்கில். ஒரு நாள் ஒருவன் மற்றவனிடம் உப்பு கேட்டான்.

"அப்புறம்?" என்றான் ரோல்பேக்.

"அப்புறம் என்ன, கொடுத்தான்."

"பலன் எங்க தாயே? இதைச் சொன்னா தூங்கிடுவாங்க."

அவளும் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். இத்தனை கெட்டிக்காரி அடுத்தவன் கதையைத் தன் கதையாகச் சொல்வாளா? வேண்டுமென்றே சொன்னாள் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும்.

ஒரே கம்பெனியில் இரண்டு இடம் காலி. இருவருக்கும் அழைப்பு. அவளுக்கு இன்று, அவனுக்கு நாளைக் காலை. கேள்வி கேட்பவர்கள் அதே மூன்று பேர்.

திரையில் மூன்று சின்னக் கட்டங்களில் மூன்று முகங்கள். அந்தக் கேள்வி வந்தது. அவள் வாயைத் திறந்தாள். அந்த வாய்க்குப் பழகியிருந்தது எதுவோ அது வந்தது. பஸ் டிக்கெட், பிற்பகல், மாடிப்படி. தடங்கலே இல்லை. "ரெண்டு காபி வாங்கினேன்." ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "ரெண்டையும் நானே குடிச்சேன்."

மூவரும் சிரித்தார்கள். நடுக் கட்டத்திலிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் காபியே குடிப்பதில்லை.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றாள் அந்த அம்மா. திருத்துவதற்கு அதுதான் நேரம். "மன்னிக்கணும், இது என் நண்பனோட அனுபவம்" என்று ஒரு வாக்கியம். அவள் "தேங்க்ஸ்" என்றாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

(இங்கே அவளைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பல மாதம் கழித்து மூன்று பேர் அவள் பேச்சுக்குச் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் திருத்தியிருக்கமாட்டேன்.)

திரை அணைந்ததும் போனில் செய்தி. ரோல்பேக்: "எப்படிப் போச்சு தாயே? ஆறு மணிக்கு வர்றேன். காபி கதைய கடைசியா ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும்."

5

ஆறு மணி. போன் அடிக்கிறது. என்னிடம் மூன்று முடிவு இருக்கிறது.

முதலாவது, சொல்லிவிடுகிறாள். அவன் "போனாப் போகுது, எடுத்துக்கோ" என்கிறான். இப்படிப்பட்ட ஆண்களை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, "காபி கதை வேண்டாம்டா, அவங்களுக்கு எடுபடாது" என்கிறாள். அவள் சொன்னால் அவன் கேட்பான். வேறு கதை சொல்கிறான். இருவருக்கும் வேலை கிடைக்கிறது. கண்ணாடி துடைத்த அந்த அம்மா தினமும் அவளுக்குப் பிரியமாகக் காபி வாங்கித் தருகிறாள். ரோல்பேக் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஆயுசுக்கும் குடிக்க வேண்டும்.

மூன்றாவது, போனை எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்கிறது. மறுநாள் காலை இன்டர்வியூவில் அவன் இரண்டு காபி வாங்குகிறான், அவள் சொல்லிக் கொடுத்த இடத்தில் நிறுத்துகிறான், கட்டங்களில் மூன்று பேரில் ஒருவரும் சிரிக்காமல்—

சுவர் வழியாக நான் கேட்டதற்கு இதுதான் பொருந்துகிறது. அதனால்தான் இதை முடிக்கக் கை வரவில்லை.

6

இவ்வளவு எழுதி வைத்திருந்தேன். இன்று மாலை அழைப்பு மணி அடித்தது. அவள்தான், கையில் ஒரு தாளோடு.

"ஆன்ட்டி, டிஸ்டர்ப் பண்றேனா?"

(ஆன்ட்டியாம். இருக்கட்டும்.)

"எனக்கு இன்டர்வியூ இருக்கு. வேற கம்பெனி. கேள்வி கேக்க ஆள் இல்ல. நீங்க இதைப் பாத்துப் படிச்சாப் போதும்."

"எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணும் தெரியாதேம்மா."

"தெரிய வேண்டாம் ஆன்ட்டி. எதிர்ல ஒருத்தர் இருந்தாப் போதும்."

போனேன். லேப்டாப்புக்கு அடியில் பாத்திரம் இல்லை, செருப்புப் பெட்டி. பைஜாமா மட்டும் நான் எழுதியபடியே இருந்தது. இரண்டு நாற்காலியில் ஒன்றின்மேல் துணி குவிந்திருந்தது. அதை அவசரமாக எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

"டீ போடட்டா ஆன்ட்டி? காபி நான் குடிக்கிறதில்ல, வீட்ல கிடையாது."

அவள் காபி குடிப்பதில்லை என்பது நான் இட்டுக்கட்டி எழுதியது. தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். முதல் கேள்வியைப் படித்தேன்: "உங்கள் தவறால் ஒருவர் பாதிக்கப்பட்டிருக்கிறாரா? பிறகு அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"என்னைப் பத்தி சொல்லணும்னா" குரலை எதிர்பார்த்தேன். அது வரவில்லை. வந்தது, சுவர் வழியாக நான் கேட்டேயிராத ஒரு குரல். அது தடுக்கிற்று, திரும்பி வந்தது, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. என் மூன்று முடிவில் எது சரி, மூன்றுமே தப்பா என்றெல்லாம் நீங்கள் கேட்பீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள். அது அவளுடைய கதை.

முடித்துவிட்டு, "இதை இன்டர்வியூல சொல்ல முடியாதுல்ல ஆன்ட்டி?" என்றாள்.

"எனக்குத் தெரியலம்மா. ஆனா இதைக் கேட்டிருக்க வேண்டியது நான் இல்லையோன்னு இருக்கு."

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஆறாகப் போகிறது. நான் எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, என் வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போன் எடுக்கும் சத்தமும், எண்களை அழுத்தும் சத்தமும் கேட்டன.

சமையலறைக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.