நல்ல தண்ணி சீன்

1974-ஆம் வருடம் பங்குனி மாதம், மரக்காணம் உப்பளத்துக் குடியிருப்பில், நாடகத்துக்காகத் துணியில் வரைந்த குளத்திலிருந்து குடிதண்ணீர் வரத் தொடங்கியது. முதல் நாள் அரைக் குடம் வந்தது. பிறகு வேண்டிய மட்டும் வந்தது. தண்ணீரில் லேசாகப் பசை வாசனை அடிப்பதாகச் சிலர் சொன்னார்கள். அவர்கள் கல்யாணச் சோற்றிலேயே குறை சொல்கிறவர்கள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

இதற்கெல்லாம் காரணம் தேசப்பன். பகலில் உப்பு வாரினாலும் ஊரில் அவருக்கு நாடக வாத்தியார் என்றுதான் பெயர். மேடை கட்டுவது, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு முன்னால் கலர் தாள் பிடிப்பது, அரிதாரம் பூசுவது, பழைய புடவையை ராஜாவின் அங்கியாக்குவது, எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். இடிச் சத்தத்துக்கு ஒரு தகரமும் வைத்திருந்தார். ஆனால் உப்பு விளையும் மாதங்களில் அதைத் தட்டக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒருமுறை மறந்துபோய்த் தட்டியதில் நிஜமாகவே மழை கொட்டி, வாரிக் குவித்த உப்பெல்லாம் கரைந்துபோனது. அதிலிருந்து வில்லன் செத்தால்கூட எங்கள் மேடையில் இடி இடிப்பதில்லை.

அந்த வருடம் புதுச்சேரியில் நாடகப் போட்டி என்று கேள்விப்பட்டதும் தேசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து அவர் காத்திருந்த மேடை அது. குளத்தங்கரையில் நடக்கிற கதை ஒன்றை எழுதி, பின்னால் தொங்கவிடும் சீன் வரைய சவரிமுத்துவைப் பிடித்தார். சவரிமுத்து உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவன்; திருவிழா வந்தால் மாதா கோயில் தேருக்கு வண்ணம் அடிப்பான். "ஏம்பா, கரை, மரமெல்லாம் உன் இஷ்டம். ஆனா தண்ணி நல்லதா இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார் தேசப்பன். அவர் மனதில் இருந்தது நீல நிறமும் அலையும். ஆனால் உப்பளத்துக்காரர்களுக்கு நல்ல தண்ணி என்றால் ஒரே அர்த்தம்தான்: வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீர்.

சவரிமுத்து வீட்டில் அப்படிப்பட்ட தண்ணீர் ஒரே ஒரு குடம் இருந்தது. அவன் பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் போய்ச் சுமந்து வந்தது. மனைவி பொன்னி கர்ப்பமாக இருந்தாள். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. கால் வேறு வீங்கியிருந்தது. உப்புத் தண்ணீரைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று நர்ஸம்மா கண்டித்திருந்தார். சவரிமுத்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் பொன்னி முதலில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு, "வாத்தியாரு ஆசையா கேட்டுட்டாரு. ஊரே பாக்கப்போற கொளம், உப்பாவா இருக்கறது?" என்று அவளே எடுத்து ஊற்றினாள். சாயத்தை அதில்தான் கரைத்தார்கள்.

காயப்போட்ட சீனின் அடி விளிம்பு மறுநாள் சொட்டியது. சாயம் வழிகிறதோ என்று பயந்த சவரிமுத்து விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, பொன்னியைக் கூப்பிட்டுச் சொம்பு நிறையக் கொடுத்தான். பத்து நாளில் அவள் கால் வீக்கம் வடிந்தது. ஊர் குடத்தோடு வரிசையில் நின்றது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. ஒத்திகைக்காக ஒருமுறை சீனைச் சுருட்டியபோது தண்ணீர் நின்றுவிட்டது. திரும்ப விரித்துத் தொங்கவிட்டும், ஊற ஒரு வாரம் ஆனது. அதற்குள் பொன்னியின் கால் மறுபடி வீங்கிவிட்டது. போட்டியோ அவள் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த அதே வாரத்தில். எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் நாடகம் வாத்தியாருடையது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

லாரி வந்து நின்றது. தேசப்பன் சீனை இறக்கப் போனபோது பொன்னி சொம்போடு ஒதுங்கி வழிவிட்டாள்.

"எடுத்துக்கினு போங்க வாத்தியாரே. இத்தினி நாளு குடிச்சதே உங்க புண்ணியம்."

தேசப்பன் சீனைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். கயிற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு கோபமாக, "நீ வேற ஏம்மா! லாரில ஏது இடம்?" என்றார். லாரியில் ஒரு அரிதாரப் பெட்டியும் நடிகர்களும்தான் இருந்தார்கள்.

புதுச்சேரியில் வெறும் சுவருக்கு முன்னால் ஆடினார்கள். பரிசு கிடைக்கவில்லை. நடிப்பு பிரமாதம், காட்சியமைப்புதான் போதாது என்றார்கள் நடுவர்கள். தேசப்பனுக்கு வருத்தமில்லை என்றால் அது பொய். திரும்பி வந்தபோது பொன்னிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வீறிட்டு அழுத அதன் குரலைக் கேட்டு, மேடைக்கேற்ற தொண்டை என்றார்.

அதன்பின் சீனை யாரும் சுருட்டவில்லை. அது தொங்கிய இடத்திலேயே மேடை கட்டினார்கள். தர்பாரும் சிறைச்சாலையும் கைலாசமும் குளத்தங்கரையில்தான் நடந்தன. நாடகம் நடக்கும்போதும் பெண்கள் குடத்தோடு மேடையேறுவார்கள். பார்க்கிறவர்களும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாசி மாதம், ராஜா வேஷத்தில் தேசப்பன் கொலுவிருந்த நேரம், பொன்னி மகளை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு வந்தாள். ராஜா மந்திரியைக் கையமர்த்தினார். குடம் நிறையும்வரை காத்திருந்தார். எழுந்து வந்து அதைத் தூக்கி அவளுடைய மறு இடுப்பில் வைத்தார். பிறகு சிம்மாசனத்தில் ஏறி, விட்ட இடத்திலிருந்து கேட்டார்: "மந்திரி, நாட்டில் மக்கள் குறையின்றி வாழ்கிறார்களா?"

படியிறங்கிப் போகும் பொன்னியைப் பார்த்தபடி மந்திரி சொன்னார், "வாழ்கிறார்கள், மன்னா."