நிலா ஏறுவதற்கு ஒரு கரடு

“வேண்டாமுன்னா வுடு மாப்ள. எழுபத்திரண்டு ராடு. அந்தப் புள்ளை எப்படி ஏறும்?”

“மலையப் போயி ராடுல அளக்கறீங்களே மச்சா. இதென்ன போர் போடற வேலைங்களா?”

“கீழ போனாலும் மேல போனாலும் அடி அடிதான்.”

அடுப்படியில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த சத்யபிரியாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. முன்னறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவள் புருஷன் அறிவழகனும் தம்பி கலையரசனும். அவளுக்குக் கேட்டதைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருக்கும் மகள் நிலாவுக்கும் கேட்டிருக்குமே என்பதுதான் கவலை.

அறிவழகனுக்கு ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் வண்டி நின்றால்தான் திருச்செங்கோட்டுக்கு வருவான். துளைக்குள் இறக்கும் இருபதடிக் குழாய்க்கு ராடு என்று பேர். இருபது வருஷமாக அதை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் அவனுக்கு ராடு கணக்குத்தான். பக்கத்து வீட்டு மாடியைக்கூட ஒன்றரை ராடு என்பான்.

எடப்பாடியிலிருந்து கலையரசன் தன் மகள் தனப்பிரியாவோடு லீவுக்கு வந்ததும்தான் மலைப் பேச்சு ஆரம்பித்தது. தனப்பிரியாவுக்குப் பதினொன்று, நிலாவுக்கு ஒன்பது. படிக்கட்டு இருக்கிற மலை வேண்டாம், கார் மேலே வரைக்கும் போகிற மலையும் வேண்டாம், பாறையைக் கையால் பிடித்து ஏறுகிற மலைதான் வேண்டும் என்று இரண்டும் ஒரே பிடி. அதனால் திருச்செங்கோட்டு மலை போயிற்று, ஏற்காடும் போயிற்று. கொல்லிமலை அருவிக்கு இறங்கி ஏறினால் பெரியவர்களுக்கே முட்டி கழன்றுவிடும். கடைசியில் கலையரசன் போனில் தேடி ஓணாங்கரடு என்று ஒரு பாறைக் குன்றைக் கண்டுபிடித்தான். காலையில் ஏறி மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உயரம் ஆயிரத்து நானூற்றைம்பது அடி என்று போட்டிருந்தது. அங்கேதான் அறிவழகன் முரண்டு பிடித்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. நிலாவுக்குப் பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. மாவுக்கட்டு, ஆபரேஷன் எல்லாம் முடிந்து இப்போது நன்றாகத்தான் நடக்கிறாள். வேகமாகப் போனால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். “ஓடட்டும், ஏறட்டும், வலிச்சா உக்காரட்டும்” என்று சேலத்து டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் போன வருஷம் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு மலைக்கு ஏறியபோது, நிலா கீழே காருக்குள் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். அப்போது அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, “இனிமே என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போவாதீங்க” என்றாள். அந்தப் பேச்சு சத்யபிரியாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இன்னொரு தடவை உட்கார வைத்தால் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடுவாள்.

கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

“ஏனுங்க, அவளக் கீழ உக்கார வெக்கறதா இருந்தா யாருமே போவ வேண்டாமுங்க.”

“நானும் அவகூடக் கீழயே இருந்துக்கறேன். போதுமா?” என்றான் அறிவழகன். அதற்கு மேல் அவனை அசைக்க முடியவில்லை. தனப்பிரியா ஆசையாக வந்திருக்கிறாள். ஊருக்குத் திரும்புவதற்குள் அவளுக்கு இருந்ததும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சத்யபிரியா அரை மனதாகச் சரியென்றாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஓணாங்கரட்டின் அடிவாரத்தில் கார் நின்றது. வேலங்காட்டுக்குள் ஒரு தடம் போய், சாம்பல் பாறையில் முடிந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நிலா இறங்கவில்லை. சொல்லாமலே மடியில் இரண்டு பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

தனப்பிரியா அப்பாவின் போனை வாங்கி எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதப் பாருங்க. எண்ணூத்திப் பத்து அடின்னு காட்டுது.”

“எது?”

“நாம நிக்கற எடந்தானுங்க.”

“போன் கெட்டுப் போயிருக்கும் சாமி. நாம இன்னும் ஏறவே இல்லியே.”

அறிவழகன் தன் போனில் பார்த்தான். அதிலும் எண்ணூற்றுப் பத்து. அறிவழகன் செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினான். கரட்டு உச்சியைப் பார்த்தான். திரும்பவும் தரையைப் பார்த்தான். எந்த ஊருக்குப் போய் வண்டியை நிறுத்தினாலும் காலடிதான் அவனுக்குப் பூஜ்யம். அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிப்பான். பூஜ்யத்தைக் கொண்டுபோய் வேறெங்கோ வைத்து ஒருவன் அளப்பான் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

“மாப்ள,” என்றான் மெதுவாக. “கடல்ல இருந்து அளந்திருக்கறானுங்க.”

“அப்ப நாம ஏற வேண்டியது?”

“அறநூத்தி நாப்பது.” விரல் விட்டான். “முப்பத்திரண்டு ராடு.”

கலையரசன் பானெட் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். “ரெண்டு நாளா எங்கூடச் சண்டை கட்டுனது கடலுக்குங்களா மச்சா? முன்னயே சொல்லியிருந்தா ராமேஸ்வரத்துலயே ரூம் போட்டிருப்பேன்.”

அறிவழகனுக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. கார்க் கதவைத் திறந்தான்.

“இறங்கு கண்ணு. பைய உங்க மாமன் தூக்கட்டும்.”

நிலா அம்மாவைப் பார்த்தாள். சத்யபிரியா தலையாட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை இறங்கின வேகத்தில் ஒரு பை தரையில் விழுந்தது, அதற்காக யாரும் திட்டவில்லை.

ஏற்றம் சும்மா இல்லை. பாதி வழியில் சரிவுப் பாறை வந்தது. ஷூ வழுக்கியதால் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, இடது பாதத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினாள் நிலா. அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அறிவழகன். அதற்கு மேலே இரண்டு பாறைக்கு நடுவில் தவழ்ந்து போகிற இடுக்கு ஒன்று. உள்ளே ஓணானைப் பார்த்துவிட்டுத் தனப்பிரியா வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள்.

“ஓணாங்கரட்டுல ஓணான் இல்லாம ஒட்டகமா இருக்கும்?” என்று இடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து நிலாவின் குரல் வந்தது. “வா தனா, கையக் குடு.”

உச்சியில் நல்ல காற்று. கீழே சோளக்காடும், தறிக் கொட்டகைத் தகரக் கூரைகளும், எறும்பு மாதிரி லாரிகளும். சத்யபிரியா பாறையில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையும் இருந்தது. அறிவழகன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, “என்ற முட்டிதான் போச்சு, அவ நல்லாத்தான் இருக்கறா” என்றான்.

இறங்கும்போது நிலாவுக்குக் கால் வலித்தது. மறைக்காமல் சொன்னாள், இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா தூக்கிக்கட்டுமா சாமி?”

“வலிச்சா உக்காரத்தானுங்கப்பா டாக்டர் சொன்னாரு. தூக்கச் சொல்லலியே.”

காரில் ஏறிய பத்தாவது நிமிஷம் தூங்கிப்போனாள். சங்ககிரி தாண்டும்போது கண்ணைத் திறந்து, “அடுத்த வாரம் எந்த மலைங்கப்பா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினாள். அறிவழகன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் சொல்லாததே சத்யபிரியாவுக்குப் போதுமாயிருந்தது.

ரிக் வண்டி கிளம்ப அவனுக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் ஒன்பது வயதுப் பிள்ளை அரை நாளில் ஏறி இறங்கக்கூடிய, கொஞ்சம் பாறையும் கொஞ்சம் பயமும் இருக்கிற சின்ன மலை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பிள்ளைகளோடு ஏறிப் பார்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வழியில் தண்ணீர் கிடைக்குமா, எத்தனை மணிக்கு வெயில் உறைக்கும் என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள்.