பித்தளையில ஒரு வெள்ளை வளையம்

சுட்டு முடிச்ச ரைஃபிள் தோட்டாவோட பித்தளைக் கூட்டுல புது மருந்தும் குண்டும் வச்சு மறுபடியும் மறுபடியும் சுடலாம்னு உங்களுக்குத் தெரியுமா? இங்க வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் அறந்தாங்கியில லேத் பட்டறையில இருந்தவன். அல் ஐன் தாண்டி மணலுக்குள்ள ஒரு தோட்டத்துல ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டுற வேலைன்னுதான் விசா வந்துச்சு. எங்க முதலாளி பூ காலித். இங்க அர்பாப்னு சொல்லுவோம். முறையா லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளு. ரொம்பத் தூரத்துல தகரத்தை நட்டுவச்சுக் குறிபார்த்துச் சுடுறதுல பைத்தியம். கடைத் தோட்டா அவருக்குப் பிடிக்காது. அவரு ரைஃபிளுக்குன்னே அளவு வச்சுச் செய்யணும். தோட்டத்து மேனேஜர் காதர் மைதீன் பாய், காயல்பட்டினத்துக்காரரு. "நம்ம அம்மையப்பன் லேத் ஓட்டுனவன்"னு அவரு வாயை விட, ஒட்டகத்துக்கிட்டருந்து என்னைய ஏசி ரூமுக்கு மாத்திட்டாங்க.

வேலை இதுதான். கேஸ்னு நாங்க சொல்ற அந்தப் பித்தளைக் கூடு சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். சுட்டதும் துப்பாக்கிக்குள்ள உப்பிப்போகும். அதை டைன்னு ஒரு இரும்பு அச்சுக்குள்ள ஏத்தி அமுக்கணும். பாட்டிலோட தோள் ஒரு முடி கனத்துக்குத்தான் கீழ இறங்கணும். இறங்கலைன்னா துப்பாக்கியில இறுகும். அதிகமா இறங்குனா வழுக்கிட்டுப் போகும், துப்பாக்கியோட பின்வாயை அடைக்கிற போல்ட் வெண்ணெய் மாதிரி மூடும். ஆனா ஒவ்வொரு தடவை சுடும்போதும் கேஸ் இழுபடும். இழுபட்டு இழுபட்டு அடிப்பக்கம் மெலிஞ்சு ஒருநாள் ரெண்டாப் போயிரும். அப்ப நெருப்புக் காத்து பின்னாடி அடிக்கும். பின்னாடி இருக்கிறது சுடுறவரோட கண்ணு.

நான் லீவுல ஊருக்குப் போனப்ப என் இடத்துல விஜயபாஸ்கரை உட்கார வச்சுட்டுப் போனேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன், கல்யாணமானவன், கெட்டிக்காரன். திரும்பி வந்தப்ப அர்பாப் கேம்புக்குப் போயிட்டாரு. குளிர் காலத்துல விருந்தாளிங்களோட பாலைவனத்துல கூடாரம் போட்டுத் தங்குறது அவங்க வழக்கம். விஜயபாஸ்கர் செஞ்ச தோட்டா ஒரு பெட்டியும் கூடப் போயிருச்சு.

சாயங்காலம் போல, மீதியிருந்த சுட்ட கேஸ்களை எடுத்துத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணை ஜன்னல் வெளிச்சத்துல திருப்புனேன். அடியிலருந்து கொஞ்சம் மேல, சுத்திவர ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால கீறுன மாதிரி மினுங்குச்சு. அடுத்ததை எடுத்தேன், அதுலயும் இருந்துச்சு. கம்பி ஒண்ணை நுனியில மடக்கி உள்ள விட்டு இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு நேரா உள்பக்கம் கம்பி பள்ளத்துல விழுந்து நின்னுச்சு. அந்த இடத்துல பித்தளை மெலிஞ்சுருச்சு, அடுத்த வெடியில ரெண்டாப் போயிரும்.

டையைப் பார்த்தேன். அசையக் கூடாதுன்னு சிவப்பு நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வச்சிருந்தேன். கோடு அந்தப் பக்கம் கெடந்துச்சு. அரைச் சுத்து இறக்கியிருக்கான்.

"டேய் விஜி, இதை யாருடா தொட்டது?"

"நான்தாண்ணே. நல்லாத்தானே இருக்கு?"

"எதுக்குடா இறக்குன?"

"நீங்க ஊருக்குப் போன வாரமே ஒரு தோட்டா இறுகிருச்சுண்ணே. விருந்தாளிங்க முன்னாடி போல்ட் மூட மாட்டேங்குது. அர்பாப் என்னையப் பார்த்து ஹைவான், மிருகம்னு கத்துனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதான், இனிமே ஒண்ணு கூட இறுகவே கூடாதுன்னு நல்லா இறக்கிட்டேன். அதுக்கப்புறம் அவரே தோள்ல தட்டி, ஜெய்ன் ஜெய்ன், நல்லாருக்குன்னு சொன்னாருண்ணே."

"எத்தனை தடவை இதே கேஸைப் போட்ட?"

"அதே கேஸ்தாண்ணே சுத்திச் சுத்தி. ஏன்?"

கம்பியை அவன் கையில குடுத்து உள்ள விட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

"அண்ணே, சொல்லிராதீங்க. முன்னாடி சவுதியில, தம்மாம்ல வேலை பார்த்தப்பவே எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை போயி நின்னேன்னா மாமனார் வீட்டுல நாய் கூட மதிக்காது."

"அவரு கண்ணு போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே, இவ்வளவு நாள் ஆகலைல்ல."

காதர் பாய்கிட்ட ஓடுனேன். அவரு தீவன மூட்டை மேல உட்கார்ந்து சுலைமானி, பால் ஊத்தாத டீ, குடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"போன் போடுங்க பாய்."

"கேம்ப்ல இருந்தா அவரு பொஞ்சாதி போனையே எடுக்க மாட்டாரு. உன் போனையும் என் போனையுமா எடுப்பாரு? சுடுறது நாளைக்குக் காலைலதானே, விடு பார்ப்போம்."

"இன்னைக்கே எடுத்துச் சுட்டுப் பார்த்தாருன்னா?"

கேஸை வாங்கி வெளிச்சத்துல பார்த்தாரு. கம்பியை விட்டுப் பார்த்தாரு. சுலைமானியைக் கீழ ஊத்திட்டுச் சாவியை எடுத்தாரு. "எலே அம்மையப்பா, இதுல ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சுன்னு வச்சுக்க, விருந்தாளி முன்னாடி அவரு மானத்தை வாங்குன மாதிரி ஆகும். உன்னையும் என்னையும் ஒரே பிளைட்டுல ஏத்துவாரு. ஜன்னல் சீட்டு எனக்கு."

அவருக்கும் பயம்தான். பயந்தாத்தான் அவருக்குக் கேலி வரும்.

விஜயபாஸ்கரும் பிக்கப் வண்டி பின்னாடி ஏறிக்கிட்டான். வேணாம்னு சொன்னோம், கேக்கலை. ரோடு முடிஞ்சு மணல்ல எறங்குனதும் பாய் டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்கிட்டு ஓட்டுனாரு. வெயில் சாய்ஞ்சுருச்சு. ரெண்டு மணல் மேடு ஏறி எறங்கியிருப்போம். அப்பத்தான் கேட்டுச்சு.

டப்.

அந்த ரைஃபிள் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். "சுடுறாரு பாய்"னேன்.  பாய் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சாரு. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

டப்.

அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டாவது சத்தம் கேட்டா முதல் தோட்டாவுல ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். அடுத்தது எப்பக் கேக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. காத்து மட்டும்தான். வண்டி இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமான்னு கூடத் தோணுச்சு. பின்னாடி திரும்பிப் பார்த்தேன். விஜயபாஸ்கர் வண்டிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடியிருந்தான். கும்பிடுறானா வாந்தி வருதான்னு தெரியலை.

"ஏன் பாய் நின்னுச்சு?"

"வாயை மூடுலே."

கடைசி மேட்டுல ஏறுனோம். கீழ கூடாரம், வண்டிங்க, நெருப்பு. யாரோ தரையில குனிஞ்சு கெடக்குற மாதிரி தெரிஞ்சுச்சு.  கிட்டப் போனப்பறம்தான் தெரிஞ்சுச்சு, வரிசையா நின்னு தொழுதுக்கிட்டு இருந்தாங்க. மக்ரிப், அந்தித் தொழுகை நேரம். முன்னாடி நிக்கிறது அர்பாப். குனிஞ்சு நிமிர்ந்தாரு. ரெண்டு கண்ணும் இருந்துச்சு.

பாய் ஓடிப்போயிக் கடைசி வரிசையில சேர்ந்துக்கிட்டாரு. நான் அர்பாப் படுத்துச் சுடுற விரிப்புகிட்டப் போனேன். ரைஃபிள் துணி போர்த்திக் கெடந்துச்சு. பக்கத்துல மணல்ல மூணு கேஸ். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன், மூணாவதுலதான் இருந்துச்சு. வளையம் இருந்த இடத்துல பாதி தூரத்துக்கு விரிசல். விரிசலைச் சுத்திக் கருப்பாப் புகை படிஞ்சிருந்துச்சு. இது அடுத்த தடவை இல்லை, இந்தத் தடவையே உடைஞ்சிருக்க வேண்டியது. அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

தொழுகை முடிஞ்சு எல்லாரும் நெருப்பைச் சுத்தி உட்கார்ந்தாங்க. "யா அம்மையாப்பன்! லீவு கலாஸ்?"னு, லீவு முடிஞ்சுதான்னு கேட்டுச் சிரிச்சாரு அர்பாப். காவான்னு அரபிக் காப்பி ஊத்துறவன் என் கையில கப்பைத் திணிச்சான். போதும்னா கப்பை ஆட்டிக் காட்டணும், இல்லைன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அது மறந்தே போச்சு. நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள அடுத்த கப்பை ஊத்துனான். குடிச்சேன், ஊத்துனான். விருந்தாளி ஒருத்தரு என்னையக் காட்டி என்னமோ சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. பாய் எட்டி என் கப்பைப் பிடுங்கி ஆட்டிக் குடுத்தாரு.

கேஸை அர்பாப் உள்ளங்கையில வச்சேன்.  அவரு போனோட டார்ச்சைப் போட்டாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நகத்தை விரிசல்ல வச்சாரு. சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா நிறுத்துனாங்க. அவரு தன் கன்னத்தை ஒரு தடவை தடவுனாரு, ரைஃபிளை அணைக்கிற கன்னம்.

"மினு?"ன்னு கேட்டாரு. யாருன்னு.

பாய் குறுக்க வந்தாரு. பழைய பித்தளை, நிறைய தடவை சுட்டது, இப்படி ஆகுறதுதான்னு அரபில அடுக்குனாரு. அர்பாப் அவரைப் பார்க்கவே இல்லை. என்னையத்தான் பார்த்தாரு. "அம்மையாப்பன். மினு?"

வண்டிக்குப் பின்னாடி விஜயபாஸ்கர் நிக்கிறது எனக்குத் தெரியும். நாங்க பேசுறது அவனுக்குக் கேக்காத தூரம். நானே செஞ்சேன்னு சொல்லலாமான்னு நெனைச்சேன். ஆனா நான் லீவுல இருந்தேன், அது அவருக்கே தெரியும். பொய் சொன்னா அடுத்து நான் செய்யுற எந்தத் தோட்டாவையும் அவரு நம்ப மாட்டாரு. எனக்கு என்னைய நெனைச்சும் பயம்தான். பேரைச் சொல்லிட்டேன்.

"தய்யிப்"னாரு. சரின்னு அர்த்தம். "போய்ச் சாப்பிடுங்க"ன்னாரு, அவ்வளவுதான்.

டிரைவருங்க கூடாரத்துல ஒரே தாம்பாளத்துல சோறும் கறியும் வந்துச்சு. விஜயபாஸ்கர் என் எதிர்ல உட்கார்ந்தான். "என்னண்ணே சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலைடா."

"கோவமா?"

"தெரியலை."

"நீங்க வந்து சொன்னதாலதாண்ணே கத்தலை"ன்னு நல்ல கறித் துண்டா எடுத்து என் பக்கம் தள்ளுனான். 

மறுநாள் காலைல அர்பாப் அந்தப் பெட்டித் தோட்டா முழுசையும் பிரிக்கச் சொன்னாரு. நானும் விஜயபாஸ்கரும் ஒரே விரிப்புல உட்கார்ந்து குண்டைத் தனியா, மருந்தைத் தனியா எடுத்துட்டு, கேஸ்களைக் கட்டிங் பிளேயரால நசுக்கிச் சாக்குல போட்டோம். வேலை முடிஞ்சதும் காதர் பாய் வந்து விஜயபாஸ்கரைக் கூப்பிட்டு வண்டியில முன் சீட்டுல உட்கார வச்சு ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு.