ஆற்றைத் தாண்டி ஓர் ஆலோசனை

பாலக்கரையில் இருந்த அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. பேச்சு இருந்தது. அது சுவரைப் பார்த்து நடந்தது. "யாராவது மோட்டாரை நிறுத்தினா தேவலை" என்று சூசைநாதன் கூடத்துச் சுவரிடம் சொல்வார். "கை வேலையா இருக்கு, சும்மா இருக்கிறவங்க நிறுத்தலாம்" என்று சகாயராணி அடுப்பிடம் சொல்வாள். மோட்டார் பாட்டுக்கு ஓடும். தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கும்போது மகள் இருதயமேரி எங்கிருந்தோ ஓடிவந்து நிறுத்துவாள்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மகன் ரஞ்சித் ரத்தப் புற்றுநோயில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்த உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, முதலில் எதைப் பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அப்படியே ஒரு வாரம் போயிற்று. பிறகு அதுவே வீட்டின் வழக்கமாகிவிட்டது. சூசைநாதன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சகாயராணி ஒரு பெண்கள் பள்ளியில் நூலகர், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அவசியமான சேதிகளை மகள் சுமந்தாள். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணுமாம்." "அப்பா, அம்மா நாளைக்கு லேட்டாத்தான் வருவாங்களாம்."

அந்த மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் இருதயமேரி இருவரையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"தை மாசத்துக்கு அப்புறம் இந்த வீட்ல போஸ்ட்மேன் கிடையாது. ரெண்டு பேரும் என்ன பண்றதா உத்தேசம்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்னு சொல்லு" என்றார் சூசைநாதன்.

"யார்கிட்டப்பா சொல்லணும்? எதிர்லதான உக்காந்திருக்காங்க!"

சூசைநாதன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கவுன்சிலிங் போங்க. கெஞ்சிக் கேக்கறேன். போகலைன்னா கல்யாணத்தன்னிக்கு ஒருத்தர் கோயில்ல நில்லுங்க, ஒருத்தர் மண்டபத்துல நில்லுங்க. என்ன ஏதுன்னு கேக்கறவங்களுக்கு நானே மைக்ல சொல்லிடறேன்."

மகள் போன பிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்று சகாயராணி ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருந்தாள். அப்படி ஒரு வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மணப்பாறையில் தங்கை வீட்டு மாடி காலியாக இருந்தது. கேட்டால் தருவாள். இதைக் கடைசியாக ஒரு முறை செய்து பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் மாடிக்குப் போய்விடுவோம் என்று முடிவு செய்தாள். முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

ஆலோசகரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பள்ளியில் மதிய இடைவேளையில் போனில் தேடினாள். முதலில் வந்த எண்ணில் ஒருவர் உற்சாகமாகப் பேசி, பிள்ளையின் கட்-ஆஃப் என்ன, எந்தக் காலேஜ் வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது எண், குடியை நிறுத்தும் மையம். "குடிக்க மாட்டாருங்க" என்றதும், "முதல்ல எல்லா வீட்டம்மாவும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். மூன்றாவது ஒரு ஜோசியர். தில்லைநகரில் ஒரு நல்ல கிளினிக் கிடைத்தது. வரவேற்பில் போனை எடுத்த பெண், பெயரைக் கேட்டதும், "மிஸ், நீங்களா? நான் உங்க ஸ்கூல்ல படிச்ச பொண்ணு!" என்றாள். சகாயராணி ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள்.

மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போகலாம். நல்லவர்தான். ஆனால் சாமியாரின் அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால், வெளியே மரியாயின் சேனைப் பெண்கள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஜெபம் முடிவதற்குள் செய்தி பொன்மலை வரைக்கும் போய்விடும்.

கடைசியில் அவள் போனில் இருந்த வரைபடத்தை விரலால் வடக்கே தள்ளினாள். மலைக்கோட்டை போயிற்று, சத்திரம் போயிற்று, காவிரி வந்தது. ஆற்றைத் தாண்டியும் தள்ளினாள். ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதியில் ஒரு புள்ளி நின்றது. தனிநபர், தம்பதியர், குடும்ப ஆலோசனை. பெயர் தேவதர்ஷினி.

"நீங்க எந்தக் கோயிலுக்குப் போறவங்க?" என்று போனில் கேட்டாள்.

"பெருமாள் கோயில்தான். ஏன் மேடம், அது உங்களுக்குப் பிரச்சினையா?"

"ஐயோ, இல்லம்மா. அதான் நல்லது."

சூசைநாதனிடம் மகள் சொன்னாள். ஸ்ரீரங்கம் என்று கேட்டதும் அவருக்கும் ஒரு நிம்மதி வந்தது. "அங்க நம்மாளுங்க யாரு இருக்கா" என்று ஜன்னலிடம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனார்கள். கீழ்வீட்டு வாசலில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர், "மாடியிலே இருக்கா, போங்கோ. செருப்பு இங்கேயே இருக்கட்டும்" என்றார். பாதிப் படி ஏறியபோது மேலிருந்து இறங்கி வந்தது மரியாயின் சேனைத் தலைவி வியாகுலம்மாள். பின்னால் அவருடைய மருமகள், அழுத முகத்தோடு. நாலு பேரும் படியில் நின்றார்கள்.

"என்ன ராணி, இந்தப் பக்கம்?"

"சும்மாதான் அக்கா. வெத்தலை நல்லா இருக்கும்னாங்க. நீங்க?"

"நாங்களும் வெத்தலைக்குத்தான்."

மாடியில் வெற்றிலைக் கடை எதுவும் இல்லை. வியாகுலம்மாள் சகாயராணியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். அவர் வெளியே சொல்ல மாட்டார் என்று அந்த அழுத்தத்திலேயே தெரிந்தது.

மேலே நீளமான வராந்தாவும் அதன் கோடியில் ஓர் அறையும் இருந்தன. தேவதர்ஷினி கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். முப்பதைத் தாண்டாத பெண். சூசைநாதன் உள்ளே போனார். போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சகாயராணி வராந்தாவின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்த நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இதில் தவறு இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அப்படித்தான் போவார்கள். ஒருவர் உள்ளே மண்டியிட்டிருக்கும்போது அடுத்தவர், பேச்சு காதில் விழாத தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். தன் முறை வந்ததும் போவார். சின்ன வயதிலிருந்து மனத்தில் இருப்பதைச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். தம்பதியர் ஆலோசனை என்றால் தம்பதியர் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போவது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

தெருவில் ஒரு பால் வண்டி போயிற்று. எதிர் வீட்டில் ஒரு பெண் கோலமாவு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே பேச்சு முடிவதாக இல்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதருக்கு உள்ளே இவ்வளவு நேரம் என்ன இருக்கிறது என்று சகாயராணி நினைத்தாள். அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. பணிமனைச் சத்தத்தில் பேசிப் பழகியவருக்குக் குரல் எப்போதுமே பெரிது. கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, அவள் நாற்காலி வரைக்கும் அது வந்தது. மூச்சு வாங்க, இடையில் நின்று, மறுபடி தொடங்கிய சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

கதவு திறந்தது. சூசைநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவள் பக்கமாக இருந்த தூணிடம், "அடுத்து போகலாம்" என்றார்.

"சார், நீங்களும் இருக்கணும்" என்றாள் தேவதர்ஷினி. "ரெண்டு பேருக்கும் சேத்துதான் டைம் குடுத்தேன். நீங்க தனியா வந்ததும், முதல்ல கொஞ்சம் பேசிட்டு மேடத்தைக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். இப்ப என்கிட்ட சொன்னீங்கல்ல, அதை மேடம்கிட்ட சொல்லுங்களேன்."

சூசைநாதனின் முகம் மாறியது. "உள்ள சொன்னதை வெளிய சொல்றதா? அது எப்படிம்மா?"

"வெளிய இல்ல சார், உங்க மனைவிகிட்ட."

"உள்ள சொன்னது உள்ளதான்." அவர் படியை நோக்கி நடந்தார். பிறகு திரும்பி, "நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று அந்தப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

"என்ன சொன்னாரு?" என்று சகாயராணி கேட்டாள்.

"அவர் சொல்லணும் மேடம். நான் சொல்ல முடியாது."

"நீயும் சாமியார் மாதிரியே பேசுறியேம்மா."

தேவதர்ஷினிக்கு அது புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னாள். வருவார்கள் என்ற நம்பிக்கை அவள் குரலில் அவ்வளவாக இல்லை. சகாயராணிக்கும் இல்லை. படி இறங்கும்போது, தங்கைக்கு இன்றைக்கே போன் செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

பஸ்ஸில் அவள் இடப்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் வலப்பக்கம் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார். அம்மா மண்டபம் நிறுத்தத்தில் அவர் பக்கத்து இடம் காலியானது. காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றது. சகாயராணி எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

சூசைநாதன் ஆற்றைப் பார்த்தார்.

"ஆத்துகிட்ட சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லுங்க. நான் உங்க பாவத்தைக் கேக்கல, அதை நீங்களே வச்சுக்குங்க. சிரிப்பைத்தான் கேக்கறேன். மூணு வருஷமா பொண்டாட்டி காதுல விழாத சிரிப்பு, இன்னிக்குப் பாத்த பொண்ணுகிட்ட வருது!"

முன் இருக்கைப் பெண்மணி மெல்லத் திரும்பி சூசைநாதனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இந்த வயசுலயா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டார்.

"கத்தாத ராணி."

அவர் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததை அவள் கவனித்தாள். ஆனாலும் விடவில்லை. "அப்ப சொல்லுங்க."

அவர் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டார். "ரஞ்சித் ஆஸ்பத்திரியில பரோட்டா கேட்டான்."

"எப்ப?"

"டாக்டருங்க கைவிட்ட பிறகு. உனக்குத் தெரியாம வாங்கிட்டு வரச் சொன்னான். வாசல்ல செக்யூரிட்டி பையைத் திறந்து பாப்பான். அதனால நான் பொட்டலத்தை வேட்டி மடிப்புல சொருகி, மேல சட்டையை விட்டுக்கிட்டுப் போனேன். சால்னா கவர் உடைஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. வார்டுல நர்சம்மா பாத்துட்டு, 'ஐயா, ரத்தம்!'னு கத்துச்சு. குனிஞ்சு பாத்தா வேட்டி பூரா செக்கச்செவேல்னு இருக்கு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு என்னைத் தூக்கி ஸ்ட்ரெச்சர்ல போட்டுட்டாங்க. பிரஷர் பாக்கறாங்க. எங்க அடிபட்டுச்சுன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்லுவேன்? இவன் கட்டில்ல கெடந்துக்கிட்டு சிரிக்கிறான், சிரிக்கிறான், கையில இருந்த ட்ரிப் ஊசி நகர்ந்து போற அளவுக்குச் சிரிக்கிறான். கடைசியில அந்த நர்சம்மா மோந்து பாத்துட்டு, 'எந்தக் கடைங்க?'னு கேட்டுச்சு."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். முன் இருக்கைப் பெண்மணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சகாயராணி சிரிக்கவில்லை.

"சாப்பிட்டானா?"

"ஆங்?"

"அவன் சாப்பிட்டானாங்க?"

"ஒரு பரோட்டா. வெறும் பரோட்டாதான், சால்னாதான் என் மேல போச்சே. ஓரத்துல கொஞ்சம் விட்டுட்டான். நல்லா இருக்குப்பான்னான்."

கடைசி நாட்களில் அவள் காலையும் மாலையும் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனாள். எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. பிள்ளை வெறும் வயிற்றோடு போய்விட்டான் என்றுதான் அவள் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை, சொல்வதற்கு அது பாவமும் இல்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள். குரல் உடைந்து பெரிதாக வந்தது. "வெளிச் சாப்பாடு கூடவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? கடைப் பரோட்டா, அதுவும் வேட்டியில சுத்தி! ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ திட்டுவே."

"திட்டத்தான் செய்வேன்!"

"அதான் அப்ப சொல்லல. அப்புறம் நேரமில்ல. அதுக்கப்புறம்..." அவர் கையை விரித்தார்.

கண்டக்டர் வந்தார். "யம்மா, சண்டையை வீட்ல போய் வச்சுக்குங்க. டிரைவர் ரோட்டைப் பாக்காம உங்களையே பாக்கறாரு."

"வண்டிதான் நிக்குதே, பாக்கட்டும்" என்றாள் சகாயராணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பினாள். "எந்தக் கடை?"

"பாலக்கரை ரவுண்டானாகிட்ட, இம்தியாஸ் பாய் கடை."

"அவருக்குத் தெரியுமா, யாருக்குன்னு?"

"தெரியும். அதுக்குன்னே எண்ணெய் கம்மியா, மெத்துனு போட்டுக் குடுத்தாரு."

பஸ் நகர்ந்தது. பாலம் முடிந்து சத்திரம் பஸ் நிலையம் வந்தது. இடப்பக்கத்தில் பெண்கள் இருக்கைகள் இரண்டு காலியாயின. அவள் எழுந்து போகவில்லை.

"அவ்வளவு நேரம் இருந்தீங்களே உள்ள. இது ஒண்ணுதானா சொன்னீங்க?"

"இல்ல. நிறைய சொன்னேன்."

"எல்லாம் அவனைப் பத்தியா?"

"வேற யாரைப் பத்தி?"

"சொல்லுங்க."

அவர், முக்கொம்பு அணைக்குப் போயிருந்தபோது ரஞ்சித் ஒரு தடவை செய்ததைச் சொல்லத் தொடங்கினார். அது அவளுக்கும் தெரிந்த கதைதான். அவர் சொன்ன விதத்தில் சிலது வேறாக இருந்தது. "மீன் வாங்கினது நான்தான், நீங்க இல்ல" என்று ஓரிடத்தில் திருத்தினாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் அதில் கொஞ்ச தூரம் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

மெயின்கார்டு கேட் தாண்டும்போது சகாயராணியின் போன் அடித்தது. இருதயமேரி.

"அம்மா, என்னம்மா ஆச்சு? போனீங்களா? அப்பா ஏதாவது பேசினாரா? அப்பாகிட்ட நான் ஏதாவது சொல்லணுமா?"

"அப்பா பேசிட்டிருக்காரு" என்றாள் சகாயராணி. "அப்புறம் கூப்பிடு."