கண்ணின் வெள்ளை

"இதுல பச்சையா வருதே" என்று முணுமுணுத்தபடி அக்கா அந்த மென்பொருளை மூடினாள். ஒரு நொடி முன்புவரை தம்பியின் முகம் குளத்துப் பாசி நிறத்தில் திரையில் இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவது. பதிமூன்று வருடத்துப் பழைய கேமராவை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அறைக்கு வெளியே, கூடத்தில், தம்பி மூடிய பெட்டிக்குள் இருந்தான். கடைசி மூன்று மாதத்தில் முகம் அவனுடையதாகவே இல்லாமல் போய்விட்டது. "அந்த மொகத்தை யாரும் பாக்க வேணாம் அண்ணி. நல்லா இருந்தப்போ நீங்க எடுத்த போட்டோவைப் பெருசாப் போட்டு வைங்க" என்று அவன் மனைவி விடிந்ததுமே சொல்லிவிட்டாள். அம்மாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு வண்டி வரும். ஃப்ரேம் கடைக்காரர் ஏற்கனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "ஃபோன்ல வந்த படம் இவ்ளோ பெருசுக்குத் தாங்காதுங்க. மூக்கு எது, மீசை எதுன்னு தெரியாது. ஒரிஜினல் பன்னண்டு மணிக்குள்ள வந்தா ஒண்ணரைக்கு மாட்டிக் குடுத்துடுவேன்." இப்போது மணி பத்தரை.

ஒரிஜினல் என்று அவர் கேட்டது, அவள் திருத்தி முடித்துக் கொடுத்த படத்தை. அது போன வருடம் செத்த கம்ப்யூட்டரோடு செத்துப்போயிற்று. தனி டிஸ்க் ஒன்றில் மிச்சம் இருந்தது கேமராவிலிருந்து இறங்கிய ரா கோப்பு மட்டும்தான். ரா கோப்பு என்பது தைக்காத துணி மாதிரி. எந்தத் தையற்காரரிடம் கொடுக்கிறோமோ அவர் கைவாகுக்குத் தகுந்தபடிதான் சட்டை வரும். முதல் தையற்காரர் பச்சைச் சட்டை தைத்துவிட்டார்.

இரண்டாவது, மாத வாடகைக்கு வரும் மென்பொருள். ஏழு நாள் சும்மா பயன்படுத்தலாம் என்றது. இறக்கி முடிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. திறந்ததும் யாரும் கேட்காமலே முகத்தைச் சீர்படுத்தத் தொடங்கியது. தோல் வழவழவென்று ஆயிற்று. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது புருவத்தில் வந்த வெட்டுத் தழும்பு மறைந்தது. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குத் தம்பியின் மீசையை ஒட்டியது போல இருந்தது. எங்கே தட்டினால் அந்த வேலையை நிறுத்தும் என்று தேடித் தேடி அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, எரிச்சல். அழுகைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாரோ துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள்; அம்மா அதே பல்லவியை எடுத்துவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? கண்ணு மஞ்சளானப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பொழைக்க வச்சிருப்பேன்னாரு. எனக்குத்தான் வயசாச்சு, பார்வை மங்கிப்போச்சு. ராப்பகலா கூட இருந்தவளுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"மஞ்சளாவே இல்ல அத்தை" என்று தம்பி மனைவி சொல்வதும் கேட்டது. மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையில் உயிரே இல்லை.

பித்தக் குழாயில் கட்டி. மஞ்சள் வரும், போகும், மறுபடி வரும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அம்மா அதில் ‘மஞ்சள்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி உள்ளே வந்தாள். கையில் டிரைவிங் ஸ்கூலின் பழைய லேப்டாப். தம்பி அங்கே மாஸ்டர். சாலை விதிகளைப் பாடமாகப் போட்டுக் காட்டுவதற்கு அதைத்தான் வைத்திருந்தான்.

"பழைய கம்ப்யூட்டர் வேணும்னீங்களே, இது ஆகுமா பாருங்க அண்ணி."

"ஆகும். கேமராக்காரனே குடுத்த சீடி என்கிட்ட இருக்கு. புது லேப்டாப்புல அது ஏறல. இதுல ஏறும்."

தம்பி மனைவி போகாமல் நின்றாள். "கண்ணு நல்லாத் தெரியணும் அண்ணி. அந்தப் போட்டோல கண்ணு எவ்ளோ வெள்ளையா இருக்கு. என் ஃபோன்ல அதைத்தான் தெனமும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறேன். மஞ்சள் இருந்திருந்தா அதுல தெரிஞ்சிருக்கும்ல? அத்தை வாயால ஒரு தடவை, ‘நீ பாக்காம விடல’ன்னு சொல்லிட்டாப் போதும் எனக்கு."

"போட்டு வைக்கிறேன். நீ போய் ஒரு வாய் தண்ணி குடி."

சீடி சுழல ஆரம்பித்தது. கேமராவோடு பெட்டியில் வந்த மென்பொருள் அது. கம்பெனி அதைக் கைகழுவிப் பல வருடங்கள் ஆகின்றன. பட்டன்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில், அரசாங்க விண்ணப்பம் மாதிரி இருந்தன. அழகுபடுத்தவெல்லாம் தெரியாது. கேமரா என்ன பார்த்ததோ அதைக் காட்டும், அவ்வளவுதான். பதினொன்று ஐம்பதுக்குப் படம் திறந்தது.

தம்பி வந்துவிட்டான். அவனேதான். புருவத் தழும்பு இருந்தது. டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர், பக்கத்து ஜன்னலின் பகல் வெளிச்சம். பத்து மாதத்துக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸுக்காக எடுத்தது. "என்னைக் கொஞ்சம் கண்டிப்பான ஆளாக் காட்டுக்கா, ஒருத்தனும் பயப்பட மாட்டேங்கறான்" என்று சிரித்தான்.

அக்கா மூச்சு விட்டாள். பிறகு கண்ணைப் பார்த்தாள்.

மென்பொருளின் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்று பச்சையாக்கியது, இது மஞ்சளாக்குகிறது. நிறம் அளக்கும் குறியை எடுத்துச் சட்டைக் காலர் மேல் வைத்தாள். சிவப்பு 212, பச்சை 211, நீலம் 210. மூன்றும் கிட்டத்தட்ட சமம். வெள்ளை. சுவரில் வைத்தாள். அதுவும் வெள்ளை. கண்ணின் வெள்ளையில் வைத்தாள். சிவப்பு 198, பச்சை 186, நீலம் 131. நீலம் குறைந்தால் மஞ்சள்.

வெளிச்சம் மஞ்சளாக இருந்திருந்தால் சட்டையும் மஞ்சளாக இருந்திருக்கும். கலர் லேபில் பத்தொன்பது வருடமாக டச்சப் வேலை பார்ப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பல்லும் கண்ணும் வெளுப்பது அவள் தொழிலில் ஒரு கைப்பழக்கம். ஒரு முகத்துக்கு எட்டு நொடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மணமக்கள், பாஸ்போர்ட்காரர்கள், யார் வந்தாலும் கண்ணில் தூரிகையை வைத்து மஞ்சளைக் கீழே இழுத்துவிடுவாள். தம்பிக்கும் அதைத்தான் செய்தாள். அவனுக்கு எட்டு நொடி போதவில்லை. இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ‘ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பான்’ என்று நினைத்துக்கொண்டது கூட இப்போது ஞாபகம் இருந்தது.

அதாவது, அவள் பார்த்தாள். இந்த வீட்டில் அதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். பார்த்து, தன் கையாலேயே அழித்தாள். அழித்த படத்தை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் மூன்று மாதமாக மாமியாரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்து கதவைத் தாழிட்டாள். ஏன் தாழிட்டோம் என்று தெரியாமல் திறந்தாள்.

ஃபோன் அடித்தது. "பன்னண்டு தாண்டிடுச்சும்மா. அனுப்புறீங்களா, நான் மெஷினை நிறுத்தவா?"

"ரெண்டு நிமிஷம்."

தூரிகையை எடுத்தாள். கண்ணின் மேல் கொண்டுபோய் வைத்தாள். இன்னொரு எட்டு நொடி. யாருக்கும் தெரியப் போவதில்லை. தம்பி மனைவிக்கு அவள் கேட்ட வெள்ளைக் கண் கிடைத்துவிடும், தன் பெயரும் தப்பிக்கும். ஆனால் விரல் நகரவில்லை. ஒரு தடவை அழித்தது தெரியாமல் செய்தது. இரண்டாவது தடவைக்கு என்ன பெயர் சொல்வது?

தானாகப் போய் அம்மாவிடம் சொல்ல வாய் வராது, அது அவளுக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக மாட்டினால் யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடலாம். ‘நான்தான் பார்த்தேன், அவளை விடு’ என்று. அப்படி நினைத்து, கண்ணைத் தொடாமல், மஞ்சளோடு படத்தை அனுப்பிவிட்டாள்.

ஒன்றேமுக்காலுக்கு ஃப்ரேம் வந்தது. பெட்டியின் தலைமாட்டில் மேஜை போட்டு நிறுத்தினார்கள். எதிர்க் கட்டடம் மறைப்பதால் அந்தக் கூடத்துக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். மேலே இருந்த விளக்கு நேராகத் தம்பியின் முகத்தில் விழுந்தது. முழம் உயரத்துக்கு முகம். அக்காவுக்கு அந்த அறையில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்த மஞ்சள் கூரை மேல் ஏறிக் கூவுவது போல இருந்தது.

ஒருவரும் கேட்கவில்லை.

வந்தவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். "அப்படியே உசுரோட நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். டிரைவிங் ஸ்கூலில் நான்கு தடவை பரீட்சையில் தவறிய ஒரு பாங்கிக்காரர் வந்திருந்தார். "நாலாவது தடவையும் ‘நல்லாத்தான் ஓட்டுறீங்க சார், அதிகாரிக்குத்தான் பாக்கத் தெரியல’ன்னார் மாஸ்டர்" என்று சொல்லி, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை. தம்பி மனைவி அடிக்கடி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் மேஜைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு, ஒரு சாண் தள்ளி, ஒரு மணி நேரமாக மகனின் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டே முக்கால் ஆயிற்று. கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்தது. அக்கா போய் அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, அவன் கண்ணைப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். எம்பிள்ளை கண்ணுக்கு என்ன, பளிச்சுனு இருக்கு."

"சட்டையைப் பாரு. இப்போ கண்ணைப் பாரு."

அம்மா சட்டையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். மறுபடி சட்டையைப் பார்த்தாள். ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு தெரியாமல் இருக்காது. அம்மாவின் வாய் மெல்லத் திறந்து, அப்படியே நின்றது.

"பத்து மாசத்துக்கு முந்தியே இருந்திருக்கும்மா. எனக்குத் தெரிஞ்சுது. ராத்திரி முழிச்சிருப்பான்னு நெனச்சு நான்தான் அழிச்சுட்டேன். உங்ககிட்ட எல்லாம் குடுத்தது அழிச்ச படம். அவ மேல தப்பு இல்ல."

அடிப்பாளா, அழுவாளா, கட்டிக்கொள்வாளா என்று எதுவும் தெரியாமல் காத்திருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மணி நேரமாகத் தானும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"இல்ல. இனிமேதான்."

"சொல்லாதே."

"அம்மா..."

"அந்தப் போட்டோவைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா அவ. அதையும் புடுங்காதே." அம்மா தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள். "அந்த லைட்டை அணை. கண்ணு கூசுது."

அக்கா சுவரோரம் போனாள். பலகையில் ஆறு சுவிட்சுகள். முதலாவதை அழுத்தியதில் மின்விசிறி நின்றது. திரும்பப் போட்டாள். அடுத்ததில் வாசல் விளக்கு எரிந்தது. சமையலறையிலிருந்து தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வருவது தெரிந்தது. மூன்றாவதை அழுத்தியதும் மேஜைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. சட்டையும் சுவரும் கண்ணும் ஒரே சாம்பலாயின.

"இங்க வாம்மா" என்று அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வந்து உக்காரு. வண்டி வந்துடுச்சு, ஒரு தடவை பாத்துக்கோ. நீ சொன்னது சரிதான். வெள்ளையாத்தான் இருந்திருக்கு. நீ ஒண்ணும் பாக்காம விடல."

தம்பி மனைவி உட்கார்ந்தாள். முகத்தைப் படத்தின் அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். தோள்கள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தன. அம்மா அவள் முதுகில் கை வைத்தாள்.

அக்கா சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள்.